காம்பாரில் சட்டம் படிக்கும் ஞாயிற்றுக்கிழமைகள்

காம்பாருக்குப் போகிறேன் என்று சொன்னால் கோழி பிஸ்கட் வாங்கி வரச் சொல்வார்கள். பிள்ளை அங்கே படிக்கிறவர்களாக இருந்தால் வாடகை அறை விசாரிக்கச் சொல்வார்கள். சரித்திர ஆர்வம் உள்ளவர்கள், 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த காம்பார் சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வடக்கிலிருந்து இறங்கி வந்த ஜப்பானியப் படையைப் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் நான்கு நாள் தடுத்து நிறுத்திய மலைச்சரிவுகள் இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கின்றன.

என்னை இந்த முறை காம்பாருக்கு இழுத்தது ஒரு குரல் பதிவு. "அக்கா, நாங்க பத்துப் பேர் சேர்ந்து சட்டம் படிக்கிறோம். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்களேன்" என்று ஒரு மாணவி வானொலி நிலையத்துக்கு அனுப்பியிருந்தாள். சட்டத்துறை மாணவியா என்று கேட்டேன். இல்லை, கணக்கியலாம்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்ரயில் ஏறினேன். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் செம்பனைக் காடுகள்தான். பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை ஆகி ரொம்ப காலமாகிவிட்டது. தாப்பா ரோட்டைத் தாண்டினால் வலப்பக்கம் பூஜாங் மலாக்கா மலை எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில்தான் காம்பார். ஊருக்குப் பழைய பெயர் மம்பாங் டி அவான். 1891-இல் கிந்தா மாவட்ட அதிகாரியாக இருந்த லீச் என்ற ஆங்கிலேயர்தான் காம்பார் என்று பெயர் மாற்றினார் என்கிறார்கள்.

ஜாலான் இட்ரிசின் இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஈயம் தந்த பணத்தில் எழும்பியவை. கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கே ஈயம் அனுப்பியது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தபோது ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடப்பட்டன, இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தோண்டிய குழிகளில் மழைநீர் நிறைந்து குட்டைகளாயிற்று. அந்தக் குட்டைகளைச் சுற்றித்தான் 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. இன்று ஊரை நடத்துவது மாணவர்கள்தான் என்று சொன்னால் கடைக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். விடுமுறை வந்தால் பாதிக் கடை வெறிச்சோடிவிடுகிறது.

போர்ட்டிக்கோவில் பத்து நாற்காலி

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டுப் போர்ட்டிக்கோ. காரை வெளியே நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மாணவர்கள் ஐந்து பேர். தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர்கள் இரண்டு பேர். தோட்டத்தில் பிறந்து பால் வெட்டி, தோட்டம் கைமாறியபின் தாமானுக்குக் குடிவந்த அக்காமார் இருவர். பிறகு ஆசிரியர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு, ஒன்றரை மணி நேரம்.

யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. முறை வைத்து ஒருவர் வழிநடத்துகிறார். நான் போன அன்று வழிநடத்தியவர் தொழிற்சாலை இளைஞர். மடியில் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், மலாய்ப் பிரதி. ஒருவர் ஒரு பிரிவை மலாயில் வாசிக்க, இன்னொருவர் தமிழில் சொல்கிறார். சொல் கிடைக்காமல் தடுமாறும்போது அக்காமார் கைகொடுக்கிறார்கள். 'தக்சிரான்' என்பதை 'மதிப்பீட்டு வரி' என்று மாணவி சொன்னபோது ஓர் அக்கா யோசித்துவிட்டு, "அட, சுக்காய் பிந்துவா? வருசத்துக்கு ரெண்டு தடவ கட்டுறமே, பிப்ரவரியும் ஆகஸ்டும்" என்றார். அதன்பிறகு அந்தப் பக்கம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அங்கே ஒரு விதி இருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் அடுத்தவர் கேட்கலாம்: "எந்தப் பக்கத்துல இருக்கு?" பக்கத்தைக் காட்ட முடியாவிட்டால் அந்தப் பேச்சை ஒரு நோட்டில் குறித்துவைத்து, அடுத்த கூட்டத்துக்குள் தேடி வரவேண்டும். ஓட்டுப் போடாத பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அபராதம் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியதாம். அரசியலமைப்பின் 119-ஆவது விதியை எடுத்து வாசித்திருக்கிறார்கள். யார் வாக்காளர் ஆகலாம் என்று அது சொல்கிறது. அபராதம் என்ற பேச்சே அதில் இல்லை. நம் நாட்டில் வாக்களிப்பது கட்டாயம் ஆக்கப்படவில்லை. அந்தச் செய்தியை நம்பிப் பயந்துபோயிருந்த அக்கா, அதைத் தனக்கு அனுப்பியவருக்கு அன்றிரவே குரல் பதிவில் பதில் சொன்னாராம்.

கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், வெவ்வேறு கட்சி. "கட்சியைச் செருப்போட வெளிய விட்டுட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். சில நாள் செருப்போடயே உள்ள வந்துடுறாங்க" என்று ஆசிரியர் சிரித்தார்.

சுவீடனும் கனடாவும்

இந்த முறைக்கு உலகத்தில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1902-இல் சுவீடனின் லுண்ட் நகரில், மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஊல்சன் என்ற ஆசிரியர் படிப்பு வட்டங்களைத் தொடங்கினார். ஆசிரியர் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். ஒரு சிறு குழு சில புத்தகங்களைப் பகிர்ந்து படித்து, கூடிப் பேச வேண்டும். 1912-இல் அங்கே தொழிலாளர் கல்விச் சங்கம் உருவானபோது இந்த முறையையே எடுத்துக்கொண்டது. அந்நாளில் சுவீடனின் ஏழைத் தொழிலாளிகள் பலருக்கு ஓட்டுரிமை கிடையாது. ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமையோடு அந்நாட்டில் தேர்தல் நடந்தது 1921-இல்தான். கூட்டத்தை எப்படி நடத்துவது, கணக்கை எப்படி வாசிப்பது, எதிர்க்கருத்தை எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் அவர்கள் ஓட்டு கைக்கு வருவதற்கு முன்பே பழகிக்கொண்டார்கள்.

வானொலிக்காரியான எனக்குக் கனடாவின் கதை இன்னும் நெருக்கமானது. 1941 முதல் 1965 வரை அங்கே 'விவசாயிகள் வானொலி மன்றம்' நடந்தது. குறிப்புத் தாள் முன்கூட்டியே தபாலில் வரும். அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள். வானொலியை அணைத்தபின் பேச ஆரம்பிப்பார்கள். பேசி முடிவெடுத்ததை எழுதி அனுப்புவார்கள். இதையே 1956-இல் யுனெஸ்கோவின் துணையோடு அகில இந்திய வானொலி புனே வட்டாரத்தில் ஏறத்தாழ 150 கிராமங்களில் செய்து பார்த்தது. கேட்டுவிட்டு எழுந்து போன கிராமங்களைவிட, கேட்டபின் உட்கார்ந்து பேசிய கிராமங்களில் மக்கள் அதிகம் கற்றிருந்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. காற்றலையில் பேசுவதோடு என் வேலை முடிந்தது என்று நினைக்கும் நாள்களில் இந்தப் புனே கதையை நினைத்துக்கொள்வேன்.

தோட்டத்துச் செய்தி

நமக்கு இது புதிதும் அல்ல. 1924-இல் 'தமிழ் நேசன்' தொடங்கிய காலத்திலிருந்தே தோட்டங்களில் பத்திரிகையை ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது வழக்கம். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டைத் தொடக்கிவைத்தார். ஐம்பதுகளில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' நடத்திய மாணவர் மணிமன்றப் பக்கத்தைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் ஊர் ஊராக மணிமன்றங்கள் அமைத்தார்கள். மேடைப் பேச்சும் பட்டிமன்றமும் மட்டும் அங்கே நடக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தல், கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை எல்லாவற்றையும் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கேதான் முதலில் பழகினார்கள். அதே சாரங்கபாணி, சிங்கப்பூர்த் தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார்.

அந்தப் பேச்சு எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதை எண்கள் சொல்கின்றன. 1955 ஜூலை 27-இல் மலாயாவில் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தபோது பதிவான வாக்காளர்கள் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள், 11 விழுக்காட்டினர் சீனர்கள். இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. தோட்டத்தில் இருந்தவர்களில் பலருக்குக் குடியுரிமையே இல்லை. 1957-இல் சுதந்திரம் வந்தபோது, முதல் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கு கிடைத்தது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அதுவரை அதிகம் பேசாதிருந்த இன்னோர் அக்கா வாய் திறந்தார். "எங்க தோட்டத்துல ஒரு கிராணி இருந்தாரு. வீடு வீடா வந்து, பாரம் பூர்த்தி பண்ணுங்கன்னு எங்கப்பா காலத்து ஆளுங்களுக்குச் சொன்னாராம். எங்களுக்கு நீல ஐசி வந்துச்சு. எங்க அத்தை வாக்கப்பட்ட தோட்டத்துல சொல்ல ஆளு இல்ல. அவங்க சாகுற வரைக்கும் செவப்பு ஐசிதான்."

போர்ட்டிக்கோவில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. சிவப்பு அடையாள அட்டை என்றால் ஓட்டு இல்லை. அறுபதுகளின் கடைசியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். சட்டத்தில் கதவு திறந்துதான் இருந்தது. அது திறந்திருக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தாரா என்பதில் ஒரு குடும்பத்தின் விதி மாறியது.

கூடிப் பேசி, காசு போட்டுச் சாதித்த கதையும் நமக்கு உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடிய காலத்தில், இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

ஓட்டு முந்தி வந்துவிட்டது

இப்போதைய நிலைமை வேறு. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2019 ஜூலை 16-இல் மக்களவை 211 வாக்குகளோடு, ஓர் எதிர் வாக்கும் இல்லாமல் நிறைவேற்றியது. 2021 டிசம்பர் 15-இல் அது நடைமுறைக்கு வந்தது. பாரம் பூர்த்தி பண்ண வேண்டியதில்லை, பதிவு தானாக நடக்கிறது. 2018-இல் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

சுவீடன் தொழிலாளி படித்துப் பேசியபின் ஓட்டு வாங்கினான். நம் பிள்ளைகளுக்கு ஓட்டு முதலில் வந்துவிட்டது. படித்துப் பேசுவது இனிமேல்தான். எஸ்பிஎம் முடித்த மறு ஆண்டே வாக்குச் சீட்டு கைக்கு வரும். ஆனால் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் என்ன வித்தியாசம், மாவட்ட மன்றம் யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லித்தர வீட்டிலும் ஆளில்லை, பல நேரம் பள்ளியிலும் நேரமில்லை. அந்த இடைவெளியில் டிக்டாக் புகுந்துகொள்கிறது.

மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்கள் வாழ்வது காம்பாரில். ஓட்டு இருப்பதோ அடையாள அட்டையின் முகவரியில், ஜொகூரிலோ கெடாவிலோ. காம்பார் நாடாளுமன்றத் தொகுதியின் கீழ் மாலிம் நாவார், கெராஞ்சி, துவாலாங் செக்கா என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. "எங்க ஊர்த் தொகுதி பேரே எனக்குத் தெரியாம இருந்துச்சு அக்கா. இங்க வந்துதான் தேடிப் பாத்தேன்" என்றாள், என்னை அழைத்த மாணவி.

"படிச்சி என்ன ஆகப்போவுது?"

அன்றைய வாசிப்பு மாவட்ட மன்றத்தின் அமைப்பைப் பற்றியது. தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். அவர்களை நியமிப்பது மாநில அரசு. இந்த இடத்தில் ஓர் இளைஞர் புத்தகத்தை மூடிவிட்டார்.

"சார், ரோடு, வெளக்கு, குப்பை, லொங்காங்கு எல்லாம் இவங்க கையில. இவங்களுக்கு நாம ஓட்டே போடுறதில்ல. அப்புறம் இதப் படிச்சி என்ன ஆகப்போவுது?"

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நாம் ஓட்டுப் போட்டோம். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடந்தன. நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பே ஊராட்சித் தேர்தல் வந்துவிட்டது. 1952-இன் உள்ளூர் மன்றச் சட்டத்தின் கீழ் புதுக்கிராமங்கள்கூடத் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தன. ஈப்போ நகராண்மைக் கழகத்தைச் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி தேர்தலில் வென்று நடத்தியது. 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பிறகு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம், தேர்தலை மீண்டும் நடத்தலாம் என்று 1968-இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தேர்தல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு தமிழர் தலைமை தாங்கிய அந்த ஆணையத்தைப் பற்றி அங்கிருந்தவர்களில் ஆசிரியர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

"சரி சார், அப்ப நமக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று இளைஞர் விடவில்லை.

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. "புத்தகத்தத் திறங்க தம்பி, 23-ஆவது பிரிவ வாசிங்க" என்றார். இளைஞர் வாசித்தார். மன்றம் தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, மன்றத்தின் எல்லாக் கூட்டங்களும் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை.

பால் வெட்டிய அக்கா குனிந்து பார்த்தார். "அப்படின்னா நாங்க போயி உக்காரலாமா?"

"உக்காரலாம்மா. பேச முடியாது. கேக்கலாம்."

"கேட்டாப் போதும். யாரு பேசுறாங்க, யாரு சும்மா உக்காந்திருக்காங்கன்னு பாத்துக்கலாம்ல."

அதற்குமேல் அன்றைய பேச்சு வேகம் பிடித்தது. எந்தக் கால்வாய் யாருடையது என்று ஒரு மாணவர் பட்டியல் போட்டார். தாமானுக்குள் இருப்பது மன்றத்தின் பொறுப்பு, பெரிய சாலை ஓரம் இருப்பது பொதுப்பணி இலாகா, ஆறும் பெரிய வடிகாலும் நீர்ப்பாசன வடிகால் இலாகா. மூன்று இலாகாவுக்கும் ஒரே புகாரை அனுப்பிக் காத்திருப்பதில் பயனில்லை என்பது புரிந்தது. கூட்டத் தேதியைக் கேட்டு மன்றத்துக்குக் கடிதம் எழுத இருவர் ஒத்துக்கொண்டார்கள். கடிதம் மலாயில், அக்காமார் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

புத்தகத்தை மூடிய இளைஞருக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. "பார்க்கிற உரிமையும் தேர்ந்தெடுக்கிற உரிமையும் ஒண்ணு இல்ல சார்" என்றார். அவர் சொன்னதே சரி என்று எனக்கும் படுகிறது. வட்டமாக உட்கார்ந்து படிப்பதால் ஊராட்சித் தேர்தல் திரும்பி வந்துவிடாது. அதிகாரம் கொஞ்சமும் கைக்கு வராமல் படித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் நாற்காலிகள் காலியாகிவிடும். ஆனால், ஊராட்சித் தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இந்த நாட்டில் அடிக்கடி எழுந்து அடங்குகிறது. அடுத்த முறை எழும்போது அந்த இளைஞர் கேள்விப்பட்டதை வைத்துப் பேசமாட்டார், பக்கத்தைக் காட்டிப் பேசுவார். அவர் எந்தப் பக்கம் நின்றாலும் அது நல்லதுதான்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

காம்பார் வட்டத்தாரிடம் கேட்டு வந்த சில குறிப்புகள்: எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்கும்படி ஆகிவிடுகிறது. வயது கலந்திருக்க வேண்டும். மாணவர்களுக்குச் சட்டத்தின் மொழி தெரியும், பெரியவர்களுக்குச் சட்டம் வீட்டு வாசலில் எப்படி வந்து நிற்கிறது என்று தெரியும். ஒரு முறைக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். கூட்டரசு அரசியலமைப்பும் ஊராட்சிச் சட்டமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அரசியலமைப்பின் குடியுரிமைப் பகுதியில் தொடங்கினால் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல ஒரு கதை இருக்கும். கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ வீட்டுப் போர்ட்டிக்கோவோ, எந்த இடமானாலும் கட்சிப் பதாகை இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டமும் யாராவது ஒருவர் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையோடு முடிய வேண்டும்.

போகிறவர்கள் ஞாயிறு காலையிலேயே காம்பார் போய்விடுங்கள். பழைய ஊரில் நடந்துவிட்டு, ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மதியம் சட்டிக் கோழிச் சோறு சாப்பிடலாம். நேரமிருந்தால் பத்து பெராங்காய் அருவிக்கும் போகலாம். கோழி பிஸ்கட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஊராட்சிச் சட்டத்தின் நிதிப் பகுதியை எடுத்திருக்கிறார்கள். சுக்காய் பிந்து கட்டும் காசு எங்கே போகிறது என்பதைப் படிக்கப் போகிறார்கள். அன்றைக்கு வழிநடத்தும் முறை பால் வெட்டிய அக்காவுடையது.